தேவாலயச் சாவிகளில் ஒன்று இளைஞர்களிடமும் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுங்காலமாகப் பூட்டிக் கிடந்த பழைமையான தேவாலயம் ஒன்றை இளைஞர்கள் சிலர் விடுமுறை நாட்களில் கூடிச் சுத்தம் செய்து, மீண்டும் வழிபாட்டுக்குத் திறக்க வழிசெய்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். புதர் மண்டிய முற்றத்தின் படமும், அதே முற்றம் துப்புரவான பின் எடுத்த படமும் அருகருகே வெளியாகியிருந்தன. அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டடப் பொறியாளராக வேலைபார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடந்த சில ஆண்டுகளாக இதே போன்றதொரு தேவாலயத்தில் இளைஞர்களோடு சேர்ந்து பழுதுபார்க்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு ஒன்றை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இளைஞர்களைத் துடைப்பமும் தூரிகையும் பிடிக்க மட்டும் அழைத்து, வேலை முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடக் கூடாது. அந்தக் கட்டடத்தைப் படிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்ற பின் அதைக் காக்கும் பொறுப்பையும், வெளிப்படையாகச் சொன்னால் அதன் சாவிகளில் ஒன்றையும், அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

பழைய தேவாலயத்துக்கு உதவ வருகிறவர்கள் முதல் நாள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தப் பக்கத்திலிருந்து வெள்ளையடிக்கத் தொடங்கலாம், ஐயா?" அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கறுத்துப் போன சுவரைக் கண்டால் அதை வெளுக்க நினைப்பது இயல்பு. ஆனால் ஆர்வம் பெருகி நிற்கும் அந்த முதல் நாளில்தான் பழைய கட்டடத்துக்கு ஆபத்தும் மிகுதி. கம்பித் தூரிகையால் தேய்க்கப்பட்ட கல்லறைக் கல்லில் எழுத்துகள் திரும்பி வருவதில்லை. அமிலம் ஊற்றிக் கழுவிய பளிங்கு அப்போது பளபளத்தாலும் அதன் மேல்தோல் அரிக்கப்பட்டுவிடுகிறது. பாசி படிந்த ஓட்டின் மீது அதிக விசையுள்ள தண்ணீர்க் குழாயைத் திருப்பினால் பாசியோடு ஓட்டின் வாழ்நாளும் கழுவப்பட்டுப் போகிறது.

இந்தத் தவறுகளை இளைஞர்களின் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நாங்கள், வயதில் மூத்தவர்கள், இதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்தோம். தேவாலயத்தின் அடிச்சுவரில் ஈரம் ஏறுவதைக் கண்டு, இடுப்பளவு உயரத்துக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டுச் சிமென்ட் பூசினோம். அந்த நிர்வாகக் குழுவில் நானும் இருந்தேன். பொறியாளன் என்பதால் என் சொல்லே அங்கு எடுபட்டது. முதலாண்டு சுவர் அழகாகவே இருந்தது. மூன்றாவது மழைக்காலம் கழிந்தபோது பூச்சு ஆங்காங்கே வயிறு தள்ளியது. தட்டினால் உள்ளே வெற்றிடமாக ஒலித்தது. ஒரு பகுதியை உடைத்துப் பார்த்தபோது அதன் பின்னிருந்த செங்கல் கையால் கிள்ளினாலே மாவாக உதிர்ந்தது. ஈரம் நின்றபாடில்லை, சிமென்ட் பூசிய உயரத்தையும் தாண்டி மேலே ஏறியிருந்தது.

காரணம் எளியது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் நிலத்திலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வெயிலும் காற்றும் வரும்போது அந்த ஈரத்தைத் தன் பூச்சின் வழியாகவே வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற இடமில்லாத ஈரம் மேல்நோக்கி ஏறுகிறது; அதில் கரைந்திருக்கும் உப்பு செங்கல்லின் நுண்துளைகளுக்குள்ளேயே படிகமாகி அதை உள்ளிருந்து உடைக்கிறது. மேலும், கடினமான சிமென்ட் மென்மையான பழைய சுவரோடு சேர்ந்து அசையாததால் விரிசல் விழுகிறது; அந்த விரிசல் வழியாக மழைநீர் உள்ளே நுழைகிறது, நுழைந்த நீர் திரும்பி வர வழியில்லை. பொறியியல் படித்தும் அந்த நாளில் நான் இதைச் சிந்திக்கவில்லை, ஏனெனில் புதிய கட்டடங்களின் கணக்கைப் பழைய கட்டடத்துக்கும் போட்டுப் பார்த்தேன். அந்தச் சிமென்டைச் சுவருக்கு மேலும் காயம் படாமல் உளியால் சிறுகச் சிறுக அகற்றும் வேலையை இன்று செய்துகொண்டிருப்பவர்கள், நாங்கள் அதைப் பூசியபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள்.

சுண்ணாம்பு நீற்றிய நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. அதைத் தண்ணீரில் இட்டதும் சீறிக் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சாந்தாகக் குழைத்துச் சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. இதைப் பாடப்புத்தகத்தில் சமன்பாடாகப் படித்திருந்த கல்லூரி மாணவர்கள் கண்ணாடியும் கையுறையும் அணிந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள். முதல் கட்டிகள் விழுந்து தண்ணீர் கொதித்தெழுந்து வெண்ணிற ஆவி பரவியபோது அங்கே பேச்சே எழவில்லை. பின்னர் மணல் சேர்த்துச் சாந்து குழைத்த முதிய கொத்தனார் கரணையில் ஒரு கட்டியை அள்ளி, மணிக்கட்டைத் திருப்பித் தலைகீழாகப் பிடித்தார்; சாந்து விழாமல் ஒட்டி நின்றது. "இப்படி நிக்கணும்; விழுந்தா இன்னும் அடிக்கணும்," என்றார். அன்று மாலை வரை மாணவி ஒருத்தி தன் சாந்தைத் திரும்பத் திரும்பக் குழைத்துக் கரணையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது முறையோ பத்தாவது முறையோ அது நின்றது. பூச்சு முடிந்த இடத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, அது காய்ந்துவிடாமல் நாள்தோறும் தண்ணீர் தெளிக்கும் வேலையை யாரும் அவளுக்கு ஒதுக்கவில்லை, தானாகவே எடுத்துக்கொண்டாள். வேகமாகக் காய்ந்தால் பூச்சு தூளாகிவிடும் என்பதை அவள் அறிந்திருந்தாள். அறிந்தவரால் அலட்சியமாக இருக்க முடிவதில்லை என்பதை நான் அங்கே கண்டேன்.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களுடைய கைப்பழக்கத்தை எழுதி வைத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியாது. பக்கத்தில் நின்று பார்த்து, தவறு செய்து, திட்டு வாங்கித்தான் கற்க வேண்டும். தேவாலயம் ஒன்றைப் பழுதுபார்க்கும் சில மாதங்கள் அந்த அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரை அமர்த்திச் சீக்கிரம் முடித்துவிட்டால் சுவர் மிஞ்சலாம், தொழில் மிஞ்சாது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டின் போர்கா நகரையடுத்த திருத்தலம் ஒன்றில், கிறிஸ்துவின் முகத்தைத் தீட்டிய பழைய சுவரோவியம் ஈரத்தால் உரிந்து கொண்டிருந்தது. 2012ஆம் ஆண்டில் அதன் மீது அன்பு கொண்ட முதிய பங்குவாசி ஒருவர் தாமே வண்ணம் தீட்டிச் சீர்செய்ய முற்பட்டார். மூல ஓவியத்தின் முகம் மறைந்து போனது. அந்த அம்மையாரை உலகமே பரிகசித்தது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது. அவர் செய்ததைவிட, அவருக்கு வழிகாட்ட அருகில் ஒருவரும் இல்லாமற் போனதுதான் அங்கு நேர்ந்த குறை. நம்முடைய இளைஞர்கள் யாரும் அந்த நிலைக்கு ஆளாகக் கூடாது. பழங்கட்டடங்களைக் காப்பதற்கான நெறிகளை வகுத்த 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், சீரமைப்பு என்பது ஊகம் தொடங்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும் என்கிறது. 1979இல் ஆஸ்திரேலியாவில் இதே நோக்கத்தோடு உருவான பர்ரா சாசனம், தேவையான அளவு மட்டும் மாற்று, இயன்ற அளவு குறைவாக மாற்று என்ற நெறியை முன்வைக்கிறது. தன்னார்வலர்கள் கூடும் முதல் நாளிலேயே இவ்விரண்டையும் எளிய தமிழில் படித்துக் காட்டலாம். அரை மணி நேரம் போதும்.

இளைஞர்களை நம்பிப் பெரிய பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் இருக்கின்றன. 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆறு கரைபுரண்டு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரை மூழ்கடித்தது. சாந்தா குரோச்சே தேவாலயத்தைச் சேர்ந்த, சிமபூவே தீட்டிய புகழ்பெற்ற சிலுவை ஓவியத்தின் பெரும்பகுதி வண்ணம் வெள்ளத்தில் கரைந்து போனது. அதையடுத்துள்ள தேசிய நூலகத்தில் நூல்கள் சேற்றில் புதைந்தன. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அழைப்புக்குக் காத்திராமல் வந்து சேர்ந்தார்கள். வரிசையாக நின்று சேறு படிந்த நூல்களைக் கைமாற்றி மேலே கொண்டு வந்தார்கள். இத்தாலியர் அவர்களை 'சேற்றின் தேவதூதர்கள்' என்று அழைத்தார்கள், இன்றும் அப்படியே நினைவுகூர்கிறார்கள். அங்கே மாணவர்களின் கைகளோடு வல்லுநர்களின் அறிவும் சேர்ந்தே உழைத்தது. கலைப்பொருள் பாதுகாப்பு என்னும் துறையே அந்த வெள்ளத்துக்குப் பின் புதிய வேகம் பெற்றது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பாக நடந்தது என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயம் எரிந்து கூரையற்ற சுவர்களாக எஞ்சியது. 1961இல் ஜெர்மன் இளைஞர்கள் குழு ஒன்று அங்கே வந்தது. குண்டு வீசிய தலைமுறையின் பிள்ளைகள், இடிபாடுகளுக்கிடையே எஞ்சியிருந்த அறைகளைச் செப்பனிட்டு, பல நாட்டினர் கூடும் நடுவமாக மாற்றினார்கள். 1965இல் பிரிட்டிஷ் இளைஞர்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குச் சென்று, தங்கள் நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அழிந்திருந்த மருத்துவமனை ஒன்றைக் கட்டியெழுப்ப உழைத்தார்கள். அதே டிரெஸ்டனில் 1945இல் இடிந்து விழுந்த ஃபிராவன்கிர்கே தேவாலயம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்குவியலாகக் கிடந்து, 1994இல் தொடங்கிய பணியின் பயனாக 2005இல் மறுபடி திருநிலைப்படுத்தப்பட்டது. குவியலிலிருந்து பிரித்தெடுத்து அடையாளமிட்ட பழைய கற்களை வெளிர்நிறப் புதுக் கற்களுக்கு நடுவே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சுவரெங்கும் கரும்புள்ளிகளாகத் தெரியும் அந்தக் கற்களை மறைக்க யாரும் முயலவில்லை.

பிரான்சில் 1966இல் உருவான ராம்பார் என்னும் அமைப்பு, இளைஞர்கள் தங்கிப் பணிசெய்தவாறே கல்வேலையும் சுண்ணாம்பு வேலையும் கற்கும் முகாம்களை நடத்தி வருகிறது. யுனெஸ்கோவும் 2008 முதல் உலகப் பாரம்பரியத் தன்னார்வலர் திட்டத்தை நடத்துகிறது. அழைத்தால் இளைஞர்கள் வருகிறார்கள் என்பது இவற்றால் உறுதிப்பட்டுவிட்டது.

எனினும் வந்தவர்களிடம் கொடுக்க வேண்டிய முதல் வேலை சாரம் கட்டி ஏறுவதாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. முதல் வேலை பார்ப்பது, அடுத்தது குறித்து வைப்பது. எங்கள் தேவாலயத்தின் மணிக்கூண்டுக்குக் கீழே நெடுநாளாக ஒரு விரிசல் இருந்தது. கட்டடம் சாய்கிறது என்று சிலரும், அது தாத்தா காலத்து விரிசல் என்று சிலரும் வாதிட்டு வந்தார்கள். இளைஞர்கள் அந்த விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் இறுக ஒட்டி, அதன் மேல் தேதியை எழுதினார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். மாதந்தோறும் படமெடுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். ஓராண்டு கழிந்தும் கண்ணாடி உடையவில்லை. அந்த ஒரு துண்டுக் கண்ணாடி, கோபுரத்தைத் தாங்க இரும்புச் சட்டம் பொருத்த வேண்டும் என்ற திட்டத்தையும், அதற்காகத் திரட்டவிருந்த பெருந்தொகையையும், சுவரில் விழவிருந்த துளைகளையும் ஒருங்கே தவிர்த்தது.

கையில் எப்போதும் கைபேசி வைத்திருக்கிறார்கள் என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் இதே தலைமுறைதான், ஒவ்வொரு தூணையும் பல கோணங்களில் படமெடுத்து, அவற்றை இணைத்துக் கணினியில் முப்பரிமாண உருவம் அமைத்துத் தருகிறது. அதன் அருமையைப் பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் 2019 ஏப்ரல் 15 அன்று மூண்ட தீ உணர்த்தியது. கலை வரலாற்று அறிஞர் ஆண்ட்ரூ டாலன் அந்தத் தீக்குப் பல ஆண்டுகள் முன்பே லேசர் கருவியால் பேராலயத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தார். 2018இல் அவர் மறைந்தார்; அவர் விட்டுச்சென்ற அளவுகள் பேராலயத்தின் முந்தைய நிலைக்கு அரிய ஆவணமாயின. 2024 டிசம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. சிறிய தேவாலயங்களுக்கு லேசர் கருவி கிட்டாது. கைபேசியும் அளவு நாடாவும் பொறுமையும் இருந்தால் அவற்றுக்கும் நம்பகமான ஆவணத்தை உருவாக்கிவிடலாம்.

இனி மழைக்கு வருகிறேன். பழைய தேவாலயங்களைக் கெடுப்பது பெரும்பாலும் இடியோ நிலநடுக்கமோ அன்று. அடைபட்ட மழைநீர்க் குழாய்தான். இலைச் சருகும் பறவைக் கூடும் அடைத்துக்கொண்டால் நீர் வழிந்து சுவருக்குள் இறங்குகிறது. உத்தரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடம் நனைந்து உளுத்துப் போகிறது. கறையான் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஓராண்டு முன்பு கனமழை பெய்த ஒரு மாலையில், நீர் எங்கே வழிகிறது என்று நேரில் பார்க்க இளைஞர்கள் நால்வர் குடைபிடித்து வந்தார்கள். பழைய கட்டடத்தைச் சோதிக்க மழை நேரத்தைவிட ஏற்ற நேரம் இல்லை என்று அவர்களுக்குச் சொன்னவன் நானே. கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வெளியூர் போயிருந்தார். இன்னொரு சாவி குழுவின் அனுமதியில்லாமல் தரப்படாது என்றார்கள். நால்வரும் வெளிச்சுவரைச் சுற்றி நடந்து, தெரிந்ததைக் குறித்துக்கொண்டு திரும்பினார்கள். உள்ளே பலிபீடத்துக்குப் பின்னால் நீர் இறங்கிக்கொண்டிருந்ததை மூன்று நாள் கழித்தே கண்டோம். பல மாதங்கள் அந்தக் கட்டடத்துக்காக உழைத்தவர்கள் அதன் வாசலில் அந்நியர்களாக நின்ற அந்த மாலை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சாவியைக் கேட்டால், பொருள் காணாமல் போனால் யார் பொறுப்பு, விபத்து நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்று நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகளே. விலைமதிப்புள்ள பாத்திரங்களையும் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளையும் தனிப் பூட்டில் வைக்கலாம். யார் எப்போது திறந்தார் என்பதற்குக் கையொப்பப் பதிவேடு வைக்கலாம். தனியாக ஒருவர் உயரத்தில் ஏறக் கூடாது, தகுதியுள்ளவர் சோதிக்காத சாரத்தில் எவரும் கால் வைக்கக் கூடாது, உலர்ந்த புறா எச்சத்தைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளித்து முகக்கவசம் அணிய வேண்டும் என்பன போன்ற விதிகளை எழுதி வாசலில் ஒட்டலாம். தன்னார்வலர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுப்பதை நிர்வாகம் தன் கடமையாகக் கொள்ளலாம். இவ்வளவும் செய்த பிறகும் தயக்கம் எஞ்சுமானால், அது சாவியைப் பற்றிய தயக்கமாக எனக்குத் தோன்றவில்லை. முடிவெடுக்கும் இடத்தில் இளையவர்களை உட்கார வைப்பதற்கான தயக்கம். பழுதுபார்ப்புக் குழுவில் அவர்களுக்கு இரண்டு இடங்களும் வாக்குரிமையும் வேண்டும் என்று எங்கள் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.

அந்த இளைஞர்களில் சிலர் அங்கே வழிபட வருகிறவர்கள் அல்லர்; வேறு சமயத்தவரும், எந்தச் சமயத்தையும் சாராதவர்களும் இருக்கிறார்கள். அதையும் ஒரு தடையாகச் சிலர் சொல்லக் கேட்டேன். அந்தக் கட்டடத்தைக் கட்டிய கைகள் எல்லாம் ஒரே நம்பிக்கையைச் சேர்ந்தவை என்று யாரால் சொல்ல முடியும்? சுவரில் பதிந்திருக்கும் பழைய கொத்தனாரின் விரல் தடத்தை விளக்கொளியில் முதலில் கண்டுபிடித்துச் சொன்னவன் அப்படிப்பட்ட ஒரு மாணவன்தான். அவன் அதன் மேல் சுண்ணாம்பு படாமல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பூச்சு வேலையைத் தொடர விட்டான்.

ஆசிரியர் அவர்களே, பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கக்கூடும். 1877 மார்ச்சில் இங்கிலாந்தின் டியூக்ஸ்பரி தேவாலயத்தைப் 'புதுப்பிக்கிறோம்' என்ற பெயரில் அதன் பழைமையைச் சுரண்டியெறியப் போகிறார்கள் என்று அஞ்சிய ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ், லண்டன் வார இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக அதே மாதத்தில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்று அந்தச் சங்கம் தொடக்கத்திலேயே வேண்டிக்கொண்டது. இன்றளவும் இளம் கட்டடக் கலைஞர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் பழைய கட்டடங்களிலேயே வைத்துப் பயிற்சி தருகிறது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் செய்தியில் வந்த அந்தத் தேவாலயத்துக்கு, அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தங்கள் நிருபரை மீண்டும் அனுப்புங்கள். முகப்பின் வெள்ளையைவிட்டுப் பின்பக்கச் சுவரின் அடிப்பகுதியையும், கூரையோரத்து மழைநீர்க் குழாயையும் அவர் படமெடுக்கட்டும். அந்த இளைஞர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், யாரிடம் என்ன கற்றார்கள், கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று கேட்டு எழுதட்டும். முதல் செய்தி வெளியான அதே இடத்தில், அதே அளவில் அதையும் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்